வேறு கிளைகள் இல்லை

கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி உக்காருங்க. கால இதுமேல வச்சிராதீங்க. வெளிய சாக்குதான், உள்ள தகரம் இருக்கு, ஓரம் கிழிச்சிரும். கண்டக்டர் லக்கேஜ் போடணும்னு வந்து நின்னாரு. உள்ள என்னன்னு கேட்டாரு. போர்டுன்னேன். என்ன போர்டுன்னாரு. ஒரு கண்டக்டருக்கு என்ன போர்டுன்னு எதுக்குத் தெரியணும்? டிக்கெட்டக் கிழிச்சமா, விசில ஊதுனமான்னு இருக்க வேண்டியதுதான? லக்கேஜ் காசக் குடுத்துட்டு வாய மூடிக்கிட்டேன்.

நீங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கா? நானும் அங்கதான். பேரு சொல்ல வேண்டாம். நீங்களும் சொல்லாதீங்க, நானும் சொல்லல. பேரு தெரிஞ்சாத்தான் வம்பே ஆரம்பிக்குது. நான் யாரையும் சந்தேகப்படுற ஆளு இல்ல, சாத்தூர்ல யார வேணாலும் கேட்டுப் பாருங்க. ஆனா காலம் அப்படிக் கிடக்கு.

கையில என்ன பைலு? மாவுக் கடையா? இட்லி மாவு, தோச மாவு. நல்ல தொழில்தான், ஊர்ல எவ வீட்டுல இப்ப ஆட்டுறா? கூட்டாளி உண்டா? ம். கூடப் படிச்சவரு. ரெண்டு பேருமா ஆடிட்டரப் பாத்து கூட்டுப் பத்திரம் எழுதப் போறீக. யாருக்கு எம்புட்டுப் பங்கு, லைசென்சு யாரு பேர்ல, நாளைக்குப் பிரிஞ்சா கடைப் பேரு யாருக்கு, அம்புட்டையும் எழுதப் போறீக. எழுதணும்னு மொதல்ல சொன்னது நீங்களா, அவரா?

அவரா. அப்பச் சரி. நான் ஒண்ணும் சொல்லல. ஒருத்தரு பொழப்புல நான் எதுக்கு மூக்க நொழைக்கணும்?

ஆனா கேளுங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் போற வரைக்கும் சும்மாதான உக்காந்துருக்கணும்.

எனக்கு சேவுக் கடை. எங்க ஆத்தா பேர்ல, ஒய்யம்மா சேவுக் கடை. காரச்சேவு ஒண்ணுதான் போடுறது. மிச்சரு பக்கடாவெல்லாம் கிடையாது. ஆத்தா போட்ட அடுப்பு அது. ஆத்தாவுக்கு நாங்க ரெண்டே புள்ளைக. மூத்தவன் நான், எளையவ வேலுத்தாய். வேலுத்தாய்னா எனக்கு உசுரு. அத இப்பவே சொல்லிர்றேன். பின்னால நான் சொல்றதக் கேட்டுட்டு, இவனுக்குத் தங்கச்சிய ஆகாது போலன்னு நெனச்சிரக் கூடாது. அவ புருசன் லாரி கவுந்து செத்தப்ப, அவளையும் அவ மகளையும் எங்க தெருவுக்கே கூட்டியாந்து வச்சது நான்தான். ஊரே மெச்சுச்சு. எங்கயோ இருந்தா யாரு வர்றா யாரு போறான்னு நமக்குத் தெரியாம போயிரும்ல.

சேவுக்கு மசால்தான் உசுரு. வத்தலு, பூண்டு, சீரகம், எது எம்புட்டுங்கறதுதான் சங்கதி. அதக் கலக்குறது பூட்டுன ரூமுக்குள்ள. வேலைக்கு நிக்கறவன் எவனும் எட்டிப் பாத்துரக் கூடாதுன்னு நான் வாசல்ல ஸ்டூலப் போட்டு உக்காந்துக்கிருவேன். உள்ள யாருன்னா கேக்குறீக? உள்ள வேலுத்தாய்தான். அவதான் கலப்பா. ஆத்தா அவளுக்குத்தான் கைப்பக்குவம் சொல்லிக் குடுத்துட்டுப் போச்சு. ஆனா காவலு யாரு? நான்தான. காவலு இல்லாம ரகசியம் நிக்குமா? அதனால மசாலு என்னோடதுன்னு சொல்றதுல தப்பு இல்ல.

பெறகு நாலு வழிச் சாலை வந்துச்சு. ஊருக்குள்ள வந்து நின்ன பஸ்ஸெல்லாம் பைபாஸோட பறந்துருச்சு. கடையில ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்துருந்தேன். அப்ப வேலுத்தாய் சொன்னா, “அண்ணே, ரோட்டு மேல பஸ் நிக்கிற ஓட்டலுக்குப் பக்கத்துல எடம் இருக்கு. அங்க ஒரு கடையப் போடுவோம். நான் போய் உக்காந்துக்கிர்றேன்”ன்னு. நல்ல யோசனைதான். அவளுக்கு எப்படித் தோணுச்சுன்னு கொஞ்ச நாளு யோசிச்சேன், ஆனா சரின்னுட்டேன்.

யாரு பேர்ல போடுறதுங்கறதுதான் கேள்வி. எம் பேர்ல ரெண்டு கடைன்னா ரெண்டு வரவும் ஒண்ணாச் சேரும், வரி ஆபீசு கண்ணுல படும். எம் பொஞ்சாதி பேர்ல போடலாம். அவளுக்கு நாலு தம்பிக. நாலு தம்பி உள்ளவ பேர்ல கடையப் போடுறதும் நடுரோட்டுல வச்சிட்டு வர்றதும் ஒண்ணு. அதனால வேலுத்தாய் பேர்ல போட்டேன். வாடகைப் பத்திரம் அவ பேரு. சாப்பாட்டுச் சாமான் விக்கிற லைசென்சு அவ பேரு. ஜிஎஸ்டி நம்பரு அவ பேரு. கரண்டு கூட அவ பேருதான். கடை என்னோடது.

எதுல என்னோடதுன்னா கேக்குறீக? என்னங்க இப்படிக் கேக்குறீக. மனசுல. ஆத்தா பேரு, மூத்தவன் நான். இதுக்குப் பத்திரம் வேணுமா?

அவளும் இதையேதான் கேட்டா. “அண்ணே, ஒரு தாள்ல எழுதிக்கிருவோம். ரெண்டு கடையும் ஒனக்குப் பாதி எனக்குப் பாதின்னு. நாம அடிச்சுக்கிர மாட்டோம், ஆனா புள்ளைக காலத்துல வம்பு வரக் கூடாது”ன்னா. எனக்கு சுருக்குன்னுச்சு. இவளா இத யோசிக்க மாட்டாளே, யாரு சொல்லிக் குடுத்தது? தாயும் புள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறம்பாக. கொஞ்ச நாளு அவ வீட்டு வாசலையே பாத்துக்கிருந்தேன், எவன் வந்துட்டுப் போறான்னு. ஒருத்தனும் வரல. அதுதான் எனக்கு ரொம்பச் சந்தேகமாப் போச்சு. எழுத்தெல்லாம் வேண்டாம், அண்ணன் தங்கச்சிக்குள்ள என்ன எழுத்துன்னுட்டேன். அவ மசால் கலக்க உள்ள போயிட்டா. பைபாஸ் கடை வரவுல பாதிய நான் கேக்காமலே கொண்டாந்து கல்லாவுல வப்பா. நீங்களே சொல்லுங்க, கேக்காமக் குடுக்கறவள எப்படி நம்புறது?

அப்படி இருக்கையில ஒருத்தன் பைக்குல வந்தான். சட்டைய உள்ள விட்டு பெல்ட்டு போட்ருந்தான். கால் கிலோ சேவு வாங்குனான். வாங்குனவன் போக வேண்டியதுதான? “பைபாஸ்ல இருக்கறதும் ஒங்க கடைதானா அண்ணாச்சி?”ன்னு கேட்டான். சேவு திங்கறவனுக்கு எதுக்கு இந்தக் கேள்வி? வரி ஆபீசு ஆளுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. “எங்களுக்கு வேற கடையே கிடையாதுய்யா”ன்னு மொகத்துல அடிச்ச மாதிரிச் சொல்லிட்டேன். பின்னால ஒரு நாளு சிவகாசியில ஒரு செருப்புக் கடையில அவன் நின்னு வர்றவுகளுக்குச் செருப்பு எடுத்துக் காட்டிக்கிருந்தான். அங்கயும் வேவு பாக்கத்தான் விட்ருப்பாக.

வாய்ல சொன்னாப் பத்தாதுன்னு மறுநாளே பெயிண்டரக் கூப்பிட்டேன். தகரத்துல, மஞ்சளடிச்சு, செகப்பெழுத்துல, ஆத்தா பேருக்குக் கீழ எழுதச் சொன்னேன். “எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை.” இது ஊரு ஒலகத்துல இல்லாததா? அல்வாக் கடையில இருக்கு, பிரியாணிக் கடையில இருக்கு. ரெண்டு தெரு தள்ளி தம்பி கடை இருக்கும், அண்ணன் கடையில இந்தப் போர்டு இருக்கும். யாராச்சும் என்னன்னு கேக்குறாகளா?

வேலுத்தாய் கேட்டா. சாயங்காலம் மசால் கலக்க வந்தவ, வாசல்லயே நின்னுட்டா. எழுத்துக் கூட்டித்தான் படிப்பா. வாய் அசையுது, நான் பாத்துக்கிருக்கேன். படிச்சு முடிச்சிட்டு, “வேறு கிளை இல்லைன்னு எழுதிட்டயாக்கும். அப்ப நான் எந்தக் கிளைண்ணே?”ன்னா.

ஒங்க பக்கம் எப்படியோ தெரியாது. எங்க பக்கம் கிளைன்னு ஒண்ணு உண்டு. ஆத்தா கிளைதான் புள்ளைகளுக்கு. ஒரே கிளைக்குள்ள பொண்ணு எடுக்க மாட்டோம், அது அண்ணன் தங்கச்சி மொற. நானும் வேலுத்தாயும் ஒரே கிளை. எம் புள்ளைகளுக்குக்கூட என் கிளை வராது, அதுக அவுக ஆத்தா கிளை. ஒய்யம்மா கிளையின்னு இன்னைக்கு மிச்சம் இருக்கறது நான், அவ, அவ மக. எனக்குப் பெறகு அவளும் அவ மகளும்தான். அதத்தான் அப்படிக் கேக்குறா.

“ஏ கூறுகெட்டவளே, கடைக்குல்ல எழுதிருக்கு”ன்னேன்.

“ஆத்தா பேருக்குக் கீழல்ல எழுதிருக்கு”ன்னா.

அம்புட்டுத்தான். மசால் கலக்காமலே திரும்பிப் போயிட்டா. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. பொய் சொல்லல, நெசமாவே எறங்கல. ஆனா ஒரு போர்டுக்கு இம்புட்டு ரோசம் வருதுன்னா, உள்ள ஏதோ இருக்கத்தான செய்யும்?

பெறகு எவனோ அந்தப் போர்டப் படம் புடிச்சு போன்ல ஏத்தி விட்டுட்டான். அசல் கடை ஊருக்குள்ள இருக்கு, பைபாஸ்ல விக்கிறது போலின்னு எழுதிவிட்டுட்டான். பைபாஸ்ல வாங்குனவுக ஓலைக் கொட்டானோட சேவத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிருக்காக. எடம் குடுத்த ஓட்டல்காரரு கூப்பிட்டு, போலிக் கடைக்கெல்லாம் எடம் குடுக்க முடியாது, காலி பண்ணும்மான்னுட்டாரு. வேலுத்தாய் அழுதுக்கிட்டே போன் போட்டா. “அண்ணே, அந்தப் போர்ட மட்டும் எடுத்துருண்ணே.”

எடுத்துருக்கலாம். கையில கொறடோட ஸ்டூல் மேல ஏறிட்டேன். ஏறி நிக்கும்போதுதான் யோசனை வந்துச்சு. இத எடுக்கணும்னு இவளுக்கு எதுக்கு இம்புட்டு அவசரம்? எறங்கிட்டேன்.

அவ வேற வழியில்லாம வக்கீலப் போய்ப் பாத்துருக்கா. அவரு லைசென்சு, வாடகைப் பத்திரம் எல்லாத்தையும் வச்சு, இது போலிக் கடை இல்லைன்னு ஓட்டல்காரருக்கு எழுதிக் குடுத்து கடையக் காப்பாத்திட்டாரு. அதோட ஆத்தா பேரயும் அவ பேர்ல பதிவுக்குப் போட்டுட்டாரு. டிரேட் மார்க்காம். எனக்குத் தகவல் வந்ததும் நானும் ஒரு வக்கீலப் பிடிச்சேன். நான் சந்தேகப்பட்டது சரியாப் போச்சு பாத்தீகளா? பைபாஸ் கடை என் கடைதான், பேரும் எனக்குத்தான்னு நானும் கேசப் போட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுல அவ வக்கீலு இந்தப் போர்டுப் படத்த எடுத்து நீட்டுனாரு. இது யாரு போர்டுன்னாரு. என்னோடதுதான்னேன். படிங்கன்னாரு. படிச்சேன். ஜட்ஜய்யாவுக்குக் கேக்குற மாதிரிப் படிங்கன்னாரு. சத்தமாப் படிச்சேன். “அப்ப பைபாஸ் கடை ஒங்க கிளை இல்ல, அப்படித்தான?”ன்னாரு. ஆமான்னா கடை போச்சு, இல்லைன்னா போர்டு பொய். ஜட்ஜய்யா கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டே இருந்தாரு. வேலுத்தாய் அந்தப் பக்கம் தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்துருந்தா. சிரிக்கறாளோன்னு பாத்தேன். சிரிக்கல.

வெளிய வந்து எங்க வக்கீலு என்னய வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. “தவக்கள தன் வாயால கெடும்பாக, நீரு போர்டால கெட்டீரு. லைசென்சு அவுக பேரு, வாடகை அவுக பேரு, கூட்டுன்னு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. கோர்ட்டு ஒம்ம மனச எக்ஸ்ரே எடுத்தாய்யா பாக்கும்? அந்தம்மா அன்னைக்கு எழுதச் சொன்னப்பவே எழுதிருந்தா இன்னைக்குப் பாதி ஒம்மதுய்யா”ன்னாரு. எங்க வக்கீலு எனக்குச் சாதகமா ஒரு வார்த்த பேசல. அடுத்த வாய்தாவுல பாக்குறேன், அவரும் அவ வக்கீலும் ஒரே பெஞ்சுல உக்காந்து டீ குடிக்கிறாக. ஒருத்தருக்கொருத்தர் வடையப் பிச்சுக் குடுத்துக்கிறாக. நான் யாரையும் தப்பாச் சொல்லல. வடைய எதுக்குப் பிச்சுக் குடுக்கணும்?

அவ மசாலுக்கு வராததுல இருந்து ஒரு சங்கடம். இப்ப நானேதான் உள்ள போய்க் கலக்குறேன். ஆத்தா கலக்கறப்ப பாத்ததுதான, தெரியாதா? வெளிய காவலுக்கு ஆளு இல்லாததால கதவ உள்பக்கமாத் தாப்பா போட்டுக்கிர்றேன். ஆனா வாடிக்கைக்காரவுக சேவு முன்ன மாதிரி இல்லங்கறாக. கடலை மாவுக்காரன் கலப்படம் பண்ணுறான். மாவுக்காரன மாத்திட்டேன், அப்பவும் அப்படித்தான் சொல்றாக. இவனும் அவனும் கூட்டு போல.

தீவாளிக்கு அவ வரல. எப்பவும் மொத வெடிச்சத்தம் கேக்குறதுக்குள்ள எண்ணெச் சட்டியோட வந்து நிப்பா, என் தலையில அவ கையாலதான் எண்ணெ வப்பா. இந்தத் தடவ எம் பொஞ்சாதி வச்சா. எண்ணெயே வைக்காத மாதிரி இருந்துச்சு. அத விடுங்க.

ஜட்ஜய்யா இப்ப சமரசத்துக்கு அனுப்பிட்டாரு. கோர்ட்டுக்குள்ளயே அதுக்கு ஒரு ரூமு இருக்கு, ரெண்டு தரப்பும் உக்காந்து பேசி முடிச்சுக்கிறணும். இன்னைக்கு அதுதான். அவ என்ன சொல்லிட்டான்னா, ரெண்டு கடையும் சரிபாதின்னு கூட்டுப் பத்திரம் எழுதிருவோம், ஆத்தா பேரயும் ரெண்டு பேர் பேர்லயும் பதிஞ்சிருவோம், எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும், அண்ணன் அந்தப் போர்ட எறக்கணும்னுட்டா. எங்க வக்கீலு என் கையப் புடிச்சுக்கிட்டு, “ஒம்ம காலுல வேணாலும் விழுறேன், எறக்கிரும்”ங்கறாரு. ரெண்டு தரப்பும் ஒண்ணையே சொல்லுதுன்னா அது என்னன்னு பாக்கணுமா வேண்டாமா?

நான் எறக்குறதா இல்ல. அத நேர்ல சொல்லிட்டு வரத்தான் போறேன். ஆனா நான் இங்கிட்டு வர்ற நேரத்துல கடையில போர்டு பத்திரமா இருக்குமா? வேலைக்கு நிக்கறவனெல்லாம் யாரு ஆளுன்னு கண்டேன்? எவனாச்சும் கழட்டி அவகிட்டக் குடுத்துட்டா? அதான் விடியக் காலமே நானே கழட்டி, சாக்குல சுத்தி, கையோட கொண்டாந்துட்டேன். நம்ம பொருளு நம்ம கைக்குள்ள இருக்கணும்.

இருங்க, போனு. அவதான். எடுக்கவா வேண்டாமா? பேசுறத ரெக்கார்டு பண்ணிருவாகங்கறாக.

ம். சொல்லு. பஸ்லதான் வர்றேன். என்னது? யாரு சொன்னா? நீயே பாத்தயா? ஆமா, எடுத்துட்டேன். கழட்டிட்டேன்னு சொல்றேன்ல. அதுக்கு எதுக்கு அழுகுற? ஏ வேலுத்தாயி. பொது எடத்துல அழாத. பக்கத்துல யாரு இருக்கா? சரி. சரி, வையி.

மொத பஸ்ஸுக்கு எங்க கடை வழியாத்தான் போயிருக்கா. போர்டு இல்லாத செவுத்தப் பாத்துருக்கா. அவ சொன்னதுக்காக எறக்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டா. அங்கனயே கொஞ்ச நேரம் நின்னாளாம். இப்பக் கோர்ட்டுல இருக்கா. வக்கீல்கிட்டச் சொல்லி பத்திரத்த டைப்படிச்சே வச்சிட்டாளாம், நான் போய்க் கையெழுத்துப் போட வேண்டியதுதானாம். நான் சாப்பிடாமத்தான் வந்துருப்பேன்னு இட்லி கட்டியாந்துருக்காளாம். பொடி தனியா, எண்ணெ தனியா. கொழைச்சு வச்சா எனக்குப் பிடிக்காது, அது அவளுக்கு மட்டுந்தான் தெரியும்.

நீங்க எதுக்குச் சிரிக்கிறீக? நல்லதாப் போச்சா? போய்க் கையெழுத்துப் போடுங்கங்கறீக.

யோசிக்க வேண்டாமா? கேசுல ஜெயிக்கப் போறவ எதுக்குப் பாதி குடுக்கணும்? ஒரு தகரத்துக்காகவா? போர்டு எறங்கிருச்சுன்னு அப்படி அழுகுறா. சந்தோசத்துல அழுகுறா, கொரல்லயே தெரியுது. அப்ப இது எறங்குனதுல அவளுக்கு என்னமோ பெருசா இருக்கு. எனக்கும் கண்ணு கலங்கலன்னு இல்ல. இட்லின்னதும் கலங்கிருச்சு. அதான் எனக்குப் பயமே. கண்ணு கலங்கி நிக்கும்போதுதான் எதுல வேணாலும் கையெழுத்து வாங்கிருவாக.

அது போகட்டும், நீங்க யாரு? ஏறுனதுல இருந்து ஒங்க பேரச் சொல்லல. என் சங்கதி அம்புட்டையும் கேட்டுக்கிட்டு உக்காந்துருக்கீக. மாவுக் கடைங்கறீக, நகக்கண்ணுல ஒரு பொட்டு மாவக் காணோம். இன்னுந்தான் கடை தொறக்கணுமாக்கும். சரி, சரி. போர்ட எறக்கணும்னு மட்டுந்தான அந்தம்மா கேட்டதுங்கறீக. அவளுக்கு நீங்க என்ன வேணும்?

இது எந்த ஊரு, மல்லியா? கண்டக்டரே, எறக்கம் இருக்கு. ஆமாய்யா, ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் எடுத்தேன், இங்கனயே எறங்குறேன், அதுல ஒமக்கென்ன? எதுத்த பஸ்ஸப் பிடிச்சா மத்தியானத்துக்குள்ள சாத்தூர் போயிருவேன். ஆணியெல்லாம் செவுத்துலயேதான் இருக்கு. திரும்ப மாட்டிட்டு, அதுக்குப் பெறகு அவ என்ன சொல்றான்னு பாப்போம். அப்பவும் பாதி குடுக்குறேன்னா, அப்ப நம்புறேன்.

கொஞ்சம் அந்த ஓரத்தத் தூக்கி விடுங்க. மெதுவா, எழுத்து உரசிரப் போகுது.

இந்தா, மறுபடியும் அவ போனுதான் அடிக்குது. அடிக்கட்டும். ரெண்டு கையும் போர்டப் பிடிச்சிருக்கு, எப்படி எடுக்க?